செங்கோல் வாங்கிய கைகள்

இடுக்கி மாவட்டத்தில் கட்டப்பனைக்குப் பக்கத்தில் இருக்கிறது கோவில்மலை. மன்னான் பழங்குடியினரின் அரசர் குடியிருக்கும் இடம் அது. ராஜமன்னான் என்பது அவருடைய பதவிப் பெயர். 2025ஆம் ஆண்டுக் குடியரசு நாள் விழாவுக்கு அவர் தில்லிக்கு அழைக்கப்பட்டபோது நாளிதழ்கள் படத்தோடு செய்தி போட்டன. அந்த அரசுரிமை தாய்வழியில் இறங்குவது. அரசருக்குப் பின் அவருடைய மகன் பட்டத்துக்கு வருவதில்லை, தாய்வழியில் வந்த வேறோர் ஆண் வருகிறார். செய்தியில் ஓரமாக வந்து போன இந்தத் தகவல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பெண் வழியாக வரும் மகுடம் ஏன் பெண்ணின் தலையில் அமர்வதில்லை?

இந்தக் கேள்வி இடுக்கிக்கு மட்டும் உரியதல்ல, வடக்கே பாலக்காடு வரை நீள்கிறது. இடுக்கியும் பாலக்காடும் ஒன்றையொன்று தொடும் மாவட்டங்கள் அல்ல. ஆனால் இரண்டுக்கும் கிழக்கு எல்லை தமிழ்நாடுதான். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறினால் இடுக்கி. பொள்ளாச்சியிலிருந்து கணவாய் வழியே மேற்கே போனால் பாலக்காடு. இந்த எல்லை நெடுகிலும் மகுடம் சூடிய பெண்ணும் வாளெடுத்த பெண்ணும் இருக்கிறார்கள், தெய்வங்களாக. மன்னான்கள் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்கிறார்கள். அவர்களுடைய கூத்து கோவலன் கண்ணகி கதையைப் பாடுகிறது. பக்கத்து மலைகளில் வாழும் முதுவர்கள், மதுரையை விட்டுக் கிளம்பியபோது மீனாட்சியின் திருவுருவை முதுகில் சுமந்து வந்ததால்தான் தங்களுக்கு அந்தப் பெயர் என்கிறார்கள். குமுளிக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் ஆண்டில் ஒரே ஒரு நாள், சித்திரா பௌர்ணமியன்று, திறக்கிறது. பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில், கொங்கு நாட்டிலிருந்து வந்த படையைப் பகவதியே களத்தில் நின்று விரட்டினாள் என்று கொங்கன்படை விழா எடுக்கிறார்கள்.

ஆக, கோயிலுக்குள் பெண் ஆள்கிறாள். வீட்டுக்குள் பெண் வழியாக உரிமை இறங்குகிறது. ஆனால் அரியணையில் உட்காருவது ஆண். இந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்ள, உண்மையில் அரியணையில் உட்கார்ந்த பெண்களின் கதையைப் பார்க்க வேண்டும். அவர்களுடைய வீரத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் பார்க்க விரும்புவது அவர்களுடைய குடும்பத்தை. அப்பா யார், அண்ணன் தம்பி உண்டா, கணவன் எந்த வீட்டுக்காரன், பிள்ளை ஆணா பெண்ணா என்ற கேள்விகள்தான் ஒரு பெண் அரசியாக முடியுமா என்பதைத் தீர்மானித்திருக்கின்றன. தென்னிந்தியாவில் இதற்கு மிகத் தெளிவான சான்று ஓருகல்லில், இன்றைய வாரங்கலில், கிடைக்கிறது.

காகதீய அரசர் கணபதிதேவர் 1199இல் பட்டத்துக்கு வந்தார். அதற்கு முன்பே அந்தக் குடும்பம் பெரிய அடி வாங்கியிருந்தது. தேவகிரி யாதவர்களோடு நடந்த போரில் அவருடைய தந்தை மகாதேவர் மடிந்தார். இளம் கணபதி யாதவர்களிடம் சிறைப்பட்டார். ரேச்சர்ல ருத்ரன் என்ற தளபதி நாட்டைக் கட்டிக் காத்து, அரசகுமாரன் விடுதலையாகி வந்ததும் ஒப்படைத்தார். அப்படித் திரும்பி வந்தவர் அறுபது ஆண்டுக்கு மேல் ஆண்டார். கிருஷ்ணா நதி கடலோடு கலக்கும் திவி பகுதியின் தலைவர்களைத் தோற்கடித்து, அந்த வீட்டுப் பெண்களான நாரம்பாவையும் பேரம்பாவையும் மணந்தார். அவர்களுடைய சகோதரர் ஜாயப சேனானி யானைப்படைக்குத் தலைவரானார். நடனக் கலை பற்றி நிருத்த ரத்னாவளி என்ற வடமொழி நூலை எழுதியவரும் அவரே. தோற்ற வீட்டோடு சம்பந்தம் செய்து, அந்த வீட்டுப் பிள்ளையைப் படைத்தலைவனாக்குவது கணபதியின் வழி. மகள்கள் விஷயத்திலும் அந்த வழியில்தான் போனார்.

அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. இரண்டு பெண்கள்: ருத்ரமா, கணபாம்பா. கணபாம்பாவை அமராவதிக்குப் பக்கத்தில் தரணிக்கோட்டையை ஆண்ட கோட்ட வம்சத்துப் பேதனுக்குக் கொடுத்தார். கணவர் இறந்தபின் கணபாம்பா அந்தப் பகுதியைத் தாமே ஆண்டார், கணவர் பேரில் கோயில் எழுப்பினார். ருத்ரமாவை நிடதவோலுவில் இருந்த கீழைச் சாளுக்கியக் கிளையின் வீரபத்திரனுக்குக் கொடுத்தார். அக்காவும் தங்கையும் அரசாண்டார்கள். ஆனால் இரண்டு ஆட்சியும் ஒன்றல்ல. கணபாம்பா ஆண்டது கணவன் வீட்டு நிலம், கைம்பெண் என்ற உறவில் கிடைத்தது. ருத்ரமா ஆண்டது அப்பா வீட்டு நிலம். மணமான பிறகும் அவர் புகுந்த வீட்டுக்குப் போகவில்லை. கணவர் வீரபத்திரனுக்கு ஆட்சியில் எந்தப் பங்கும் இருந்ததாகக் கல்வெட்டுகள் காட்டுவதில்லை. அரசியின் கணவன் அரசனாகாமல் நின்றது அந்தக் காலத்துக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு சட்ட வழி இருந்தது. மகனில்லாத தந்தை தன் மகளையே மகனாக அறிவிக்கும் வழக்கத்தைத் தர்ம நூல்கள் புத்ரிகை என்கின்றன. கணபதி அந்த வழியைப் பின்பற்றினார் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். கல்வெட்டுகளில் ருத்ரமாவின் பெயர் பல இடங்களில் ருத்ரதேவ மகாராஜா என்று வருகிறது, ஆண் பெயராக, ஆண் பட்டத்தோடு. ஏறத்தாழ 1260 முதல் தந்தையோடு சேர்ந்தும், பிறகு தனித்தும் ஆண்டார்.

அவர் கைக்கு ஆட்சி வந்த வேளை நல்ல வேளை அல்ல. மதுரைப் பாண்டியன் முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன் வடக்கே படையெடுத்து, நெல்லூருக்குப் பக்கத்தில் முத்துக்கூரில் காகதீயப் படையை முறியடித்தான். நெல்லூரிலேயே வீராபிஷேகமும் செய்துகொண்டான். ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் பொன் வேய்ந்த அதே பாண்டியன்தான். தமிழ் வாசகர்கள் பெருமையோடு படிக்கும் அந்த வெற்றியை மறுபக்கத்திலிருந்து பார்த்தால், முதுமையில் தோற்றுத் திரும்பிய தந்தையும், தெற்கு எல்லை கைவிட்டுப் போன ஒரு நாட்டை ஏற்றுக்கொண்ட மகளும் தெரிவார்கள்.

உள்வீட்டிலும் எதிர்ப்பு இருந்தது. பெண் ஆள்வதை ஏற்காத உறவினர்கள் கலகம் செய்தார்கள் என்று பிற்காலத் தெலுங்கு நூலான பிரதாபருத்ர சரித்திரம் சொல்கிறது. கலகம் எப்படி நடந்ததென்று நூலை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பின் அவர் செய்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பழைய பிரபுக் குடும்பங்களை மட்டும் நம்பாமல், பெயர் தெரியாத குடிகளிலிருந்து வந்த போர்வீரர்களை நாயக்கர்களாக உயர்த்தி, அவர்களுக்கு நிலமும் படைப் பொறுப்பும் கொடுத்தார். குலப்பெருமை உள்ளவனுக்குப் பெண்ணைப் பணிவது கசந்திருக்கலாம். தன் உழைப்பால் மேலே வந்தவனுக்கு, தன்னை உயர்த்தியவர்தான் அரசர். அவருடைய பேரன் காலத்தில் வலுப்பெற்று, பின்னால் விஜயநகரத்திலும், அங்கிருந்து மதுரை, தஞ்சை, செஞ்சி வரையிலும் வந்து சேர்ந்த நாயக்க முறைக்கு இது ஒரு முக்கியமான தொடக்கம். சொந்தக்காரர்களை நம்ப முடியாத ஒரு பெண்ணின் தேவை அதற்குப் பின்னால் இருந்தது என்பது என் துணிபு.

யாதவ அரசன் மகாதேவன் படையெடுத்து வந்த கதையை இரண்டு தரப்பும் சொல்லியிருக்கின்றன. தெலுங்கு மரபில், ருத்ரமா அவனை முறியடித்துத் தேவகிரி வரை துரத்திச் சென்று பெரும்பொருள் வாங்கித் திரும்பினார். யாதவர் அவையில் இருந்த ஹேமாத்ரி எழுதியதில், மகாதேவன் வென்று யானைகளைக் கைப்பற்றினான், பெண்ணைக் கொல்வது முறையன்று என்று ருத்ரமாவை மட்டும் விட்டுவிட்டான். ஒரே போர், இரண்டு வெற்றி. எது உண்மை? யாதவர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பீதர்க் கோட்டையில் ருத்ரமாவின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. தோற்ற அரசியின் பெயர் எதிரியின் கோட்டைக் கல்லில் ஏறாது. ஹேமாத்ரியின் வரிகளில் எனக்கு வேறொன்றும் தெரிகிறது. தோல்வியை மறைக்க ஒருவருக்குக் காரணம் தேவைப்படும்போது, எதிரி பெண் என்பதே கைக்கெட்டும் காரணமாக இருந்திருக்கிறது.

ருத்ரமாவே தம்மைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டார்? வாரங்கல் கோட்டைக்குள் இருந்த சுயம்பு சிவன் கோயிலில் அவர் கட்டிய அரங்க மண்டபத்தின் சிற்பங்களில், ஒரு பெண் கையில் வாளும் கேடயமும் ஏந்திச் சிங்கத்தின் மேல் அமர்ந்திருக்கிறாள். பக்கத்தில் யானை துதிக்கையில் தாமரை ஏந்திப் பணிந்து நிற்கிறது. ராயகஜகேசரி என்பது காகதீயரின் விருது, எதிரி மன்னர்களாகிய யானைகளுக்குச் சிங்கம் என்று பொருள். தந்தையின் விருதை அப்படியே எடுத்துக்கொண்டார், உருவத்தை மட்டும் பெண்ணாக்கினார். கல்வெட்டில் ஆண் பெயர், சிற்பத்தில் பெண் உடல். எழுத்து, சட்டத்தையும் நிலத்தையும் வரியையும் பேசும் இடம், அங்கே மகாராஜா. கண்ணால் பார்க்கும் இடத்தில் சிங்கம் ஏறிய பெண். துர்க்கையை அறிந்த மக்களுக்கு அந்த உருவத்தை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

1261ஆம் ஆண்டின் மல்காபுரம் கல்வெட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த வாழ்க்கையைக் கடக்க முடியாது. கோளகி மடத்துச் சைவ ஆசாரியர் விஸ்வேஸ்வர சம்பு கணபதிதேவருக்குக் குரு. அவருக்குக் கிருஷ்ணா நதிக் கரையில் மந்தடம் என்ற ஊரைத் தந்தை வாய்மொழியாகக் கொடுத்திருந்தார். மகள் அதை எழுத்தில் உறுதி செய்து, வெலகபூடி என்ற ஊரையும் சேர்த்துக் கொடுத்தார். அந்த வருவாயில் கோயிலும் மடமும் பாடசாலையும் அன்னசாலையும் மட்டுமல்ல, ஆரோக்கியசாலை ஒன்றும் பிரசவசாலை ஒன்றும் நடந்தன. மருத்துவருக்கும் கணக்கருக்கும் பங்கு ஒதுக்கப்பட்டது. எழுநூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்னால், பிள்ளை பெறும் பெண்ணுக்கென்று தனியாக ஓர் இடம், அதற்கென்று நிலம்! அந்த வெலகபூடியில்தான் இன்று ஆந்திர மாநிலத் தலைமைச் செயலகம் இருக்கிறது. அங்கே கோப்பு நகர்த்தும் ஒவ்வொருவரும் அந்தக் கல்வெட்டை ஒரு முறையாவது படித்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வெனிஸ் நகரத்து மார்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடற்கரைப் பக்கம் வந்தார். மோட்டுப்பள்ளித் துறைமுகத்தின் பெயரால் அவர் முத்ஃபிலி என்று குறிக்கும் நாட்டை ஒரு கைம்பெண் அரசி நாற்பது ஆண்டாக ஆள்வதாகவும், கணவன் இருந்தபோது நடந்ததுபோலவே நீதி தவறாமல் நடத்துவதாகவும், மக்கள் அவளிடம் அன்பு வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார். வைரத்தையும் சிலந்தி வலை போன்ற மெல்லிய துணியையும் பற்றி வியக்கிறார். ஆண்டுக் கணக்கு தவறு, உறவும் தவறு. ருத்ரமாவுக்கு அரசு வந்தது தந்தையிடமிருந்து. அரசி என்றால் அரசனின் மனைவியாகத்தான் இருந்திருப்பாள் என்று அந்தப் பயணியின் மனம் தானாகவே நிரப்பிக்கொண்டது. அந்தப் பிழையைப் பிறகு வந்த பலரும் அப்படியே எழுதிவந்தார்கள்.

அவருடைய முடிவு பற்றிய பிழை திருந்த இன்னும் நாளானது. 1295 வரை ஆண்டு இயற்கையாக மறைந்தார் என்றே நெடுங்காலம் நூல்களில் இருந்தது. நல்கொண்டா மாவட்டம் சந்துபட்லாவில் கிடைத்த கல்வெட்டு அதை மாற்றியது. 1289 நவம்பர் 27ஆம் நாளிட்ட அந்தக் கல், சிவலோகம் சேர்ந்த காகதி ருத்ரமாதேவிக்கும் அவருடைய தளபதி மல்லிகார்ஜுன நாயக்கருக்கும் புண்ணியமாக ஒரு வீரர் கொடுத்த நிலக்கொடையைச் சொல்கிறது. அரசியும் தளபதியும் ஒருசேர மறைந்திருக்கிறார்கள். கடப்பை, நெல்லூர்ப் பக்கத்தில் கலகம் செய்த காயஸ்தத் தலைவன் அம்பதேவனோடு நடந்த போரில் களத்தில் விழுந்திருக்க வேண்டும் என்பது இன்று பலரும் ஏற்கும் முடிவு. அப்போது அவர் முதியவர். பேரப்பிள்ளை எடுத்த வயதில் போர்க்களத்தில் இருந்திருக்கிறார்.

அந்தப் பேரன்தான் அடுத்த அரசர். ருத்ரமாவுக்கும் ஆண் பிள்ளை இல்லை. மகள் மும்மடம்மாவின் மகன் பிரதாபருத்ரனைத் தத்தெடுத்து வாரிசாக்கியிருந்தார். 1323இல் தில்லிப் படை வாரங்கலைப் பிடிக்கும் வரை பிரதாபருத்ரன் ஆண்டார். இந்த வம்சவழியைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், தந்தையிடமிருந்து மகளுக்கும், அவளிடமிருந்து அவள் மகளின் மகனுக்கும் மகுடம் போயிருக்கிறது. தந்தைவழி என்று பறைசாற்றிக்கொண்ட ஒரு குலம், அறுபது ஆண்டுக்குள் இரண்டு முறை பெண் வழியாகத்தான் அற்றுப்போகாமல் நின்றது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் அதையே முறையாக வைத்திருந்தார்கள். இங்கே அது தேவைக்குச் செய்த ஏற்பாடு.

இதைப் படிக்கும் மதுரைக்காரருக்கு வேறொரு கதை நினைவுக்கு வந்திருக்கும். மலயத்துவச பாண்டியனுக்கும் காஞ்சனமாலைக்கும் பிள்ளையில்லை. வேள்வி செய்கிறார்கள், பெண் குழந்தை வருகிறது. தடாதகை என்று பெயரிட்டு, மகனுக்குச் செய்யும் சடங்கெல்லாம் செய்து, படைக்கலம் பயிற்றி, முடிசூட்டுகிறார்கள். திக்குவிசயம் போகிறாள். திருவிளையாடல் புராணம் சொல்லும் இந்தக் கதையில் புத்ரிகை முறையின் எல்லா அடையாளமும் இருக்கிறது. ஆனால் கதை கயிலையில் திரும்புகிறது. சிவனைக் கண்டதும் அவள் மணப்பெண்ணாகிறாள். மதுரைக்கு வந்த சிவன் சுந்தர பாண்டியன் என்ற பெயரில் முடிசூடி ஆள்கிறார். ஓருகல்லில் கணவன் ஒதுங்கி நின்றான், மனைவி ஆண்டாள். மதுரைப் புராணத்தில் கணவன் வந்ததும் அரியணை கைமாறியது. தெய்வத்துக்குக்கூட இல்லாத இடம் மனிதப் பெண் ஒருத்திக்கு வாரங்கலில் வாய்த்தது.

எனினும் மதுரை அதை முற்றாகக் கைவிடவில்லை. சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். வேப்பம்பூ மாலை, கிரீடம், செங்கோல். அன்று முதல் ஆவணி வரை நான்கு மாதம் மதுரையில் மீனாட்சி ஆட்சி, ஆவணியிலிருந்து சுவாமி ஆட்சி என்று ஊரார் இன்றும் சொல்கிறார்கள்.

ருத்ரமா ஆண் பெயர் வைத்துக்கொண்டது தெலுங்கு நாட்டின் தனி விநோதமும் அல்ல. இலங்கையின் பொலன்னறுவையில் பராக்கிரமபாகுவின் அரசி லீலாவதி 1197க்கும் 1212க்கும் இடையில் மூன்று முறை தளபதிகளால் அரியணை ஏற்றப்பட்டு மூன்று முறை இறக்கப்பட்டார். அவருடைய காசுகளில் இருப்பது ஸ்ரீ ராஜ லீலாவதி. ராணி அல்ல, ராஜ. அவரைக் கடைசியாக இறக்கியவன் பாண்டிய நாட்டிலிருந்து போன பராக்கிரம பாண்டியன். ஜார்ஜியாவின் தமார் அரசனுக்கு உரிய சொல்லாலேயே அழைக்கப்பட்டார். போலந்தின் யாத்விகா 1384இல் பத்து வயதில் முடிசூடியபோது அரசி என்றல்ல, அரசன் என்றே முடிசூட்டப்பட்டார். தில்லியில் ரஸியா 1236இலிருந்து 1240 வரை சுல்தானாக ஆண்டார். அவருக்கு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள், அதுதான் அவருக்கு வினையாயிற்று. ருத்ரமாவுக்கு உறவினர்களின் எதிர்ப்பு இருந்தாலும், உடன்பிறந்த ஆண்களின் போட்டி இல்லை. நான்கு ஆண்டுக்கும் இருபத்தேழு ஆண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இந்தக் குடும்ப நிலைதான்.

மதுரையின் மனிதப் பெண்களுக்கு அரசு வேறு வாசல் வழியாக வந்தது. நாயக்க அரசர் சொக்கநாதர் தஞ்சை நாயக்கரின் மகளைக் கேட்டு, கிடைக்காமல், அந்தக் கோபத்தில் 1673இல் தஞ்சையையே அழித்தவர். அவருடைய தேவி மங்கம்மாள் துப்பாகுல லிங்கம நாயக்கர் என்ற தளபதியின் மகள். 1682இல் சொக்கநாதர் மறைந்தபோது மங்கம்மாள் உடன்கட்டை ஏறவில்லை, மகன் சிறுவன். அந்த மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் 1689இல் பெரியம்மையில் இறந்தார். மருமகள் நிறைமாதக் கர்ப்பிணி. உடன்கட்டை ஏறுவேன் என்றவளை மாமியார் தடுத்து, பிள்ளை பிறக்கட்டும் என்றார். பிள்ளை பிறந்தது, தாய் தன் உயிரை முடித்துக்கொண்டாள். கணவன், மகன், மருமகள் எல்லோரும் போய், கையில் ஒரு கைக்குழந்தை மட்டும். அந்தக் குழந்தை விஜயரங்க சொக்கநாதனுக்கு மூன்று மாதத்தில் முடிசூட்டி, பாட்டி 1706 வரை பதினேழு ஆண்டு நாட்டை நடத்தினார்.

சட்டப்படி அவர் அரசியல்ல, பேரனுக்காகப் பொறுப்பு பார்த்தவர். ஆனால் முகலாயருக்குக் கப்பம் கட்டிப் போரைத் தவிர்த்தது அவர் முடிவு. கப்பம் தராத, மலைக்கு மேற்கே இருந்த வேணாட்டின் மீது 1697இல் தளவாய் நரசப்பையரை அனுப்பியது அவர் முடிவு. 1702இல் கிழவன் சேதுபதியோடு மோதி அந்தத் தளவாயை இழந்ததும் அவர் முடிவுதான். எல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சாலைகள், மரங்கள், சத்திரங்கள் என்று தென்மாவட்டங்களில் மக்கள் இன்றும் அவர் பேரைச் சொல்லும் வேலைகள் இருக்கின்றன. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. திருச்சி நத்தர்வலி தர்காவுக்கு 1701இல் நிலம் விட்டிருக்கிறார். தமுக்கத்தில் இருந்த அவருடைய அரண்மனையில் 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம் இயங்குகிறது.

ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு மங்கம்மாள் என்றால் தெரிவது இரண்டு கதைகள்: மந்திரியோடு நட்பு என்ற வதந்தியும், பேரனே சிறையில் அடைத்து, உணவைக் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வைத்துப் பட்டினியால் கொன்றான் என்ற கதையும். பின்னது 19ஆம் நூற்றாண்டில் எழுத்தில் ஏறிய வாய்மொழி. பதினேழு ஆண்டு நிர்வாகம் செய்த ஒரு பெண்ணை வதந்தியாகவும் பட்டினியாகவும் மட்டும் நினைவில் வைத்திருப்பது எனக்கு வலிக்கிறது. ஆண் அரசன் எத்தனை பேருடைய அந்தப்புரக் கதை நமக்குத் தெரியும்? அதனால் அவர்களுடைய சாலையை யாரும் மறந்ததில்லை. மங்கம்மாளுக்குப் பின் அந்த வீட்டில் இன்னொரு கைம்பெண் ஆண்டார். விஜயரங்கரின் மனைவி மீனாட்சி 1732இல் பொறுப்பேற்று, உறவினரின் போட்டிக்கும் ஆர்க்காட்டுப் படைத்தலைவர் சந்தா சாகிபின் பொய்ச் சத்தியத்துக்கும் நடுவே திருச்சியை இழந்து நஞ்சருந்தி மறைந்தார். மதுரை நாயக்கர் ஆட்சி அவரோடு முடிந்தது.

இனி மலை ஏறி மேற்கே இறங்கலாம். மருமக்கத்தாயம் என்ற தாய்வழி முறை நிலவிய நாட்டில் பெண்ணுக்கு அரசு எளிதாகக் கிடைத்திருக்க வேண்டும் என்று கிழக்கே இருப்பவர்கள் நினைப்போம். இடுக்கியின் உயர்மலைகளைத் தன் ஆளுகையில் வைத்திருந்த பூஞ்ஞாறு அரச குடும்பம் தன்னை மதுரைப் பாண்டிய வழி என்கிறது. மானவிக்கிரம குலசேகர பாண்டியன் கூடலூர், கம்பம் வழியாக வந்ததாக அவர்கள் மரபு. 1877இல் கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகைக்கு விட்டதும் பூஞ்ஞாறு அரசர்தான். மலை தாண்டி வந்த அந்தக் குடும்பம் கேரள முறைப்படி தாய்வழிக்கு மாறியது. பட்டம் மட்டும் ஆண் கையிலேயே இருந்தது. தாய்வழி முறையில் பெண் கிணறு மாதிரி. தண்ணீர் அவளிடமிருந்து வரும், இறைத்துப் பாய்ச்சும் உரிமை தாய்மாமனுக்கு. குடும்ப நிர்வாகம் காரணவர் என்ற மூத்த ஆணுடையது, அரியணையும் அப்படியே.

விதிவிலக்குகள் இருந்தன. ஆற்றிங்கல் ராணிகளுக்குச் சொந்த நிலமும் சொந்த அதிகாரமும் இருந்தது. அவர்கள் வயிற்றில் பிறந்த ஆண் பிள்ளைதான் வேணாட்டுக்கு அரசன். உமயம்மா ராணி 1677 முதல் 1684 வரை இளைய ரவிவர்மாவுக்காக நாட்டை நடத்தினார். நிலப்பிரபுக்களான பிள்ளைமாரின் எதிர்ப்பையும் முகிலன் என்ற படைத்தலைவனின் படையெடுப்பையும் தாங்கினார், வடக்கே கோட்டயத்திலிருந்து வந்த கேரளவர்மாவைத் துணையாகக் கொண்டார். அவருடைய ஐந்து பிள்ளைகளை எட்டு வீட்டுப் பிள்ளைமார் குளத்தில் மூழ்கடித்தார்கள் என்ற கதை மங்கம்மாளின் பட்டினிக் கதைக்கு உடன்பிறந்தது, ஆதாரமும் அதே அளவுதான். 1697இல் மதுரைப் படை வேணாட்டுக்குள் நுழைந்தபோது அங்கே உமயம்மா உயிரோடு இருந்தார், இங்கே மங்கம்மாள் ஆண்டுகொண்டிருந்தார். மலையின் இருபுறமும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள், ஆளுக்கொரு சிறுவனுக்காக நாட்டைச் சுமந்த இரண்டு பெண்கள்.

கொச்சியில் 1656இலிருந்து 1658 வரை ராணி கங்காதரலட்சுமி அரியணையில் இருந்தார். இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் அந்தக் கொச்சி அரசைச் சேர்ந்த பகுதி. கண்ணூரின் அறக்கல் குடும்பம் ஒன்றுதான் இதில் முழுதும் தனி வழி. அங்கே குடும்பத்தின் மூத்தவர் ஆணானாலும் பெண்ணானாலும் ஆட்சி அவருக்கு. ஆணென்றால் ஆலி ராஜா, பெண்ணென்றால் அறக்கல் பீவி. நான் தேடியதில் பெண்ணுக்கு யாரும் இரங்காமல், யாரும் இல்லாமல் போகும்வரை காத்திருக்காமல், வயதால் மட்டும் அரசு வந்த இடம் தென்னிந்தியாவில் அதுதான்.

மற்ற இடத்தில் நிலைமை என்ன என்பதைத் திருவிதாங்கூரின் கௌரி லட்சுமிபாயியின் கதை காட்டிவிடும். 1810இல் ஆண் வாரிசு இல்லாததால் அவர் தம் உரிமையிலேயே மகாராணியானார். 1812இல் அடிமை வணிகத்தைத் தடுத்து ஆணையிட்டார். 1813 ஏப்ரலில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது, பின்னாளில் இசையால் பேர் பெற்ற சுவாதித் திருநாள். அன்றோடு தாய் மகாராணி அல்ல, மகனுக்காகப் பொறுப்பு பார்ப்பவர். மகன் பிறந்த மகிழ்ச்சியும் அரசு கைமாறியதும் ஒரே பிரசவ அறையில் நடந்தன. அதே பெண், அதே அரண்மனை, அதே வேலை. பெயர் மட்டும் மாறியது.

அப்படியானால் ருத்ரமாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தால்? கல்வெட்டு பதில் சொல்லாத கேள்வி. ஆனால் அறக்கல் தவிர, நான் கேட்டுப் பார்த்த ஏறத்தாழ எல்லாக் குடும்பத்திலும், ஓர் ஆண் இல்லாத இடைவெளியில்தான் பெண்ணுக்கு அரசு வந்திருக்கிறது. அந்த இடைவெளி இருபத்தேழு ஆண்டாகவும் இருக்கலாம், மூன்று ஆண்டாகவும் இருக்கலாம். கிடைத்த அளவுக்குள் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே அவர்களுடைய வாழ்க்கை. பிரசவசாலை கட்டினார்கள், சாலை போட்டார்கள், களத்தில் விழுந்தார்கள்.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஊஞ்சல் மண்டபத்து விதானத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. அம்மனிடமிருந்து பட்டர் செங்கோலை எடுத்துத் தர, மங்கம்மாள் அதை வாங்குகிறார். கைம்பெண்ணான மங்கம்மாள். இன்றும் பட்டாபிஷேகத்தன்று அந்தச் செங்கோலை அம்மன் சார்பில் கோயில் நிர்வாகத்தின் தலைமையில் இருப்பவர் வாங்கிக்கொண்டு வலம்வருவது வழக்கம். 2024இல் அறங்காவலர் குழுவின் தலைவராக இருந்தவர் ஒரு பெண், கணவரை இழந்தவர். அப்படிப்பட்டவர் கையில் செங்கோல் கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒருவர் வழக்குப் போட்டார். நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

வழக்குப் போட்டவர் கோயிலுக்குள் போனபோது ஒரு முறை தலையைத் தூக்கி மேலே பார்த்திருக்கலாம்.